ருபாத்தோ: தமிழில் நெகிழ்காலம்

ஒரே பியானோ இசைப்பதிவைக் கேட்ட இருவரில் ஒருவர், "உருக வைத்துவிட்டார்" என்கிறார். மற்றவரோ, "தாளமே நிற்கவில்லை, இழு இழுவென்று இழுக்கிறார்" என்று முகம் சுளிக்கிறார். விசாரித்துப் பார்த்தால் இருவரும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். அங்கே காலம் நெகிழ்வதற்கு மேலை இசையில் ஒரு பெயர் உண்டு: டெம்போ ருபாத்தோ, சுருக்கமாக ருபாத்தோ.

சொல் இத்தாலியம். டெம்போ என்றால் காலம். 'தெம்புஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. ருபாத்தோ என்றால் திருடப்பட்டது. திருடு என்னும் பொருள் கொண்ட 'ருபாரே' என்ற வினையின் வடிவம் இது. அந்த வினை லத்தீனுக்கு உரியதன்று. ஜெர்மானிய மொழிகளிலிருந்து இத்தாலியத்துக்குள் புகுந்தது. ஆங்கிலத்தில் கொள்ளையடிப்பதைக் குறிக்கும் 'ராப்' இதற்கு உறவு. நீண்ட அங்கியைக் குறிக்கும் 'ரோப்' என்ற சொல்லும் அதே குடும்பம்தான்: கொள்ளையில் பறித்த ஆடை என்பதே அதன் பழைய பொருள்.

இசையில் இந்தத் திருட்டைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் பியர் பிரான்செஸ்கோ டோசி முக்கியமானவர். அவர் பாடகர், பாட்டுக் கற்பித்தவர். 1723இல் வெளிவந்த அவருடைய நூல் நல்ல பாடகரிடம் இரண்டு திறமைகளை எதிர்பார்க்கிறது: காலத்தைத் திருடத் தெரிய வேண்டும், திருடியதை அழகாகத் திருப்பிக் கொடுக்கவும் தெரிய வேண்டும். ஒரு சுரத்தில் கூடுதலாகத் தங்கினால் அடுத்த சுரங்களைச் சுருக்கிக் கணக்கை நேர் செய்ய வேண்டும். பக்க இசை இதற்காகக் காத்திருக்காது. பியானோவுக்கு வந்தபோதும் இந்த இலக்கணம் மாறவில்லை. பாடகரின் இடத்தில் வலக்கை, பக்க இசையின் இடத்தில் இடக்கை, அவ்வளவுதான். மெதுவான பகுதியில் வலக்கை விலகினாலும் தம் இடக்கை அதைக் கண்டுகொள்ளாமல் சீராகச் செல்வதை மற்றவர்களால் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்று இசையமைப்பாளர் மோட்சார்ட் 1777இல் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார்.

காதால் பார்க்க ஓர் இடம் சொல்கிறேன். பியானோ இசையமைப்பாளர் ஷோப்பானின் ஒன்பதாம் படைப்பில் இரண்டாவது நாக்டர்ன், அதாவது இரவின் மனநிலையைச் சொல்லும் பியானோ இசை. வலக்கையின் முதல் சுரம் ஒன்று தனியாக ஒலித்து, உடனே எட்ட இருக்கும் மேல் சுரத்துக்குத் தாவுகிறது. அந்த நொடியில் இடக்கை நுழைகிறது: கீழே ஓர் அடிச்சுரம், மேலே இரண்டு கூட்டொலிகள், மறுபடி ஓர் அடிச்சுரம், இரண்டு கூட்டொலிகள். ஒரு சுற்றில் இப்படி நான்கு முறை. இப்போது வலக்கை அந்த மேல் சுரத்திலேயே ஒரு கணம் கூடுதலாகத் தங்கட்டும். இடக்கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் அடுத்த சுரம் சற்றுப் பிந்தி, ஏதோ சொல்லத் தயங்கியதைப் போல இறங்கும். இதுதான் பழைய ருபாத்தோ. இடக்கையும் சேர்ந்து காத்திருந்தால் கதை வேறு. காலம் முழுவதும் வளைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த இரண்டாம் வகை பெருகியது. இன்று ருபாத்தோ என்றால் பெரும்பாலோர் நினைப்பது இதைத்தான்.

ரசிகர்களின் சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு. ஒரே சொல் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கிறது. ஷோப்பான் வாசித்ததை நேரில் கேட்டவர்களே இதற்குச் சாட்சி. தாளக் கட்டுப்பாடு அவருக்குப் பொறுக்காது, சுதந்திரத்தில் அளவு மீறிவிட்டார் என்றார் இசையமைப்பாளர் பெர்லியோஸ். ஆனால் ஷோப்பானின் மாணவர் மிகுலி, தாளத்தில் ஷோப்பான் கண்டிப்பானவர், அவருடைய பியானோவை விட்டு, தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோம் அகன்றதே இல்லை என்றார். மூன்று எண்ணிக்கை கொண்ட போலந்து நடன இசையான மசூர்க்காவை ஷோப்பான் நான்கு எண்ணிக்கையில் வாசிப்பதாகப் பியானோ கலைஞர் சார்ல்ஸ் ஹாலே அவரிடமே சொன்னார். ஷோப்பான் மறுத்தார். அவர் வாசிக்க ஹாலே உரக்க எண்ணிக் காட்டிய பிறகு சிரித்துவிட்டு, அந்த நடனத்தின் தேசிய இயல்பே அதற்குக் காரணம் என்றார். இசையமைப்பாளர் மையர்பேர் வேறொரு சமயம் மசூர்க்காவில் இரண்டு எண்ணிக்கைதான் கேட்கிறது என்று சாதித்தபோது ஷோப்பானுக்குக் கடும் கோபம் வந்தது. கேட்ட காதுகள் எல்லாம் தேர்ந்த காதுகள். கேட்ட விரல்களும் ஒருவருடையவைதான்.

காலம் மாறியபோது காதும் மாறியது. பியானோ கலைஞர் பதேரெவ்ஸ்கி போன்றோரின் பழைய ஒலிப்பதிவுகளில் இடக்கை முந்த, வலக்கை பிந்துவதைத் தெளிவாகக் கேட்கலாம். அந்தத் தலைமுறைக்கு அது கனிவு. இரு கைகளும் ஒன்றாக விழுவதையே கேட்டுப் பழகிய இன்றைய ரசிகர் பலருக்கு அது ஒழுங்கின்மை. குறை சொல்பவரின் காது மோசம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பிடிக்காத ருபாத்தோவை எல்லாம் "தாளம் தப்பியது" என்று எழுதுவது நியாயமில்லை. தப்புவது தெரியாமல் நடப்பது. இது தெரிந்து செய்வது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'திருடிய நேரம்' சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் குற்றப்பத்திரிகை போல ஒலிக்கிறது, திருப்பிக் கொடுப்பதும் அதில் இல்லை. 'தாள நெகிழ்ச்சி' பழைய வகைக்குப் பொருந்தாது. அங்கே நெகிழாத ஒன்று தாளம்தான். 'நெகிழ்நடை' கேட்க அழகு. ஆனால் கர்நாடக இசையில் நடை என்பது திசிரம், சதுசிரம் என்று ஓர் அட்சரத்தின் உட்பிரிவைக் குறிக்கும் சொல், குழப்பம் வரும். நான் பரிந்துரைப்பது 'நெகிழ்காலம்'. விளம்பகாலம், துரிதகாலம் என்று வேகத்தைச் சொல்லக் காலம் என்ற சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. வினைத்தொகை என்பதால் நெகிழ்ந்த, நெகிழ்கின்ற, நெகிழும் மூன்றும் அதில் அடங்கும். இத்தாலியச் சொல்லுக்கு அந்த வசதி இல்லை.

தமிழ் யாப்பு அறிந்தவர்களுக்கு இந்தக் கருத்து அந்நியமில்லை. 'கெடுப்பதூஉம்' என்று குறள் நீட்டுவது ஓசை குறைந்ததால் அன்று, இனிமைக்காக. அதனால்தான் அது இன்னிசை அளபெடை. நெகிழ்காலத்திலும் நீட்சி இனிமைக்காகவே. ஒரு வேறுபாடு: அளபெடையில் நீட்டியதை வேறிடத்தில் குறைத்து ஈடுகட்டும் பேச்சு இல்லை, டோசியின் கணக்கில் உண்டு.

விமர்சனம் எழுதுவோர் எந்த வகை என்றும் சேர்த்துச் சொல்வது நல்லது: 'இடக்கை சீராகச் செல்ல, வலக்கையில் நெகிழ்காலம்', அல்லது 'இரு கைகளிலும் நெகிழ்காலம்'. படைப்பின் முடிவிலோ ஒரு பகுதியின் இறுதியிலோ வேகம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போவது 'ரிட்டர்டாண்டோ'. அதற்குக் 'காலத் தளர்வு' போதும். அந்த இடத்தில் நெகிழ்காலம் என்று எழுதினால் பிழை.