உரக்கக் கத்துகிறவருக்கா முதல் மெக்கானிக்?

தைப்பூசக் காவடி விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறக்கும் காலையில் பழுதுகள் சேர்ந்தாற்போல் வரும். மெக்கானிக் இரண்டு பேர். காத்து நிற்கும் இயந்திரங்கள் ஏழெட்டு. எந்த சூப்பர்வைசர் உரக்கக் கத்துகிறாரோ அவருடைய லைனுக்குத்தான் ஆள் போகிறார். மொரீஷியஸில் ஆடைத் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருக்கும் எனக்கு இந்த வழக்கத்தைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. கத்தலுக்கும் நட்டத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909இல் தொடங்கிவைத்தது வரிசைக் கோட்பாடு, அதாவது வரிசையில் காத்திருப்பதைப் பற்றிய கணிதம். அதில் நமக்கு உதவும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் எவ்வளவு நட்டம், சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும் என்று பாருங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். எதற்கு விடை பெரிதாக வருகிறதோ அதில் முதலில் கை வையுங்கள்.

சாயமேற்றும் இயந்திரத்தின் பம்பில் பேரிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2,000 ரூபாய் நட்டம். 4 மணி நேர வேலை. அதே சமயம் துணியின் ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் ஒன்றில், நூலைக் கோக்கும் லூப்பரின் டைமிங் விலகி, தையல் விட்டுவிட்டு விழுகிறது. மணிக்கு 600 ரூபாய். கால் மணி நேர வேலை. இருப்பது ஒரே மெக்கானிக். எல்லோரும் சாயத்துக்குத்தான் ஓடுவார்கள். வகுத்தால் சாயத்துக்கு 500, ஓவர்லாக்குக்கு 2,400. ஓவர்லாக்கை முதலில் முடித்தால் மொத்த நட்டம் 8,650 ரூபாய். சாயத்தை முதலில் எடுத்தால் 10,550.

ஆனால் உள்ளே துணி இருக்கும்போது பம்ப் நின்றால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அப்போது நட்டம் மணிக் கணக்கல்ல, அந்த லாட் முழுவதும். உடனே ஓடத்தான் வேண்டும். கொதிகலனின் பாதுகாப்பு வால்வு என்றால் கணக்கே பார்க்காதீர்கள், நிறுத்திவிடுங்கள். பேரிங் ஸ்டோரில் இல்லையென்றால் முதலில் ஆர்டரைக் கொடுங்கள். தீவுக்கு அது கப்பலிலோ விமானத்திலோ வந்தாக வேண்டும். வரும்வரை மெக்கானிக்கின் கை சும்மாதான் இருக்கும். அந்த நாட்களைச் சரிசெய்யும் நேரத்தில் சேர்த்தால் வகுத்தலே தவறிவிடும்.

இன்னொன்றையும் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பழுதுகள் முன்னறிவிப்பின்றி வர, ஒரே மெக்கானிக் பார்க்கும் எளிய மாதிரியில், அவருடைய நேரத்தில் 80 சதவீதம் வேலையில் கழிந்தால் ஒரு பழுது, சரிசெய்ய ஆகும் சராசரி நேரத்தைப் போல சராசரியாக 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு, 95 என்றால் 19. ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று மேலாளர் ஆளைக் குறைக்க வரும்போது, இந்த மூன்று எண்களையும் எழுதி அவர் முன்னால் வையுங்கள்.