விசிறி இல்லாமல் மின்னணுச் சில்லைக் குளிரவைக்கும் துடிப்புக் காற்று

மலேசியாவில் கூலிம் போன்ற தோட்டப்புற டவுன்களில் மறைகாணிப் பதிவுப் பெட்டியோ சோலார் இன்வெர்ட்டரோ படுத்துவிட்டால், திறந்ததும் முதலில் கண்ணில் படுவது சுற்றாமல் நிற்கும் சின்ன விசிறிதான். செம்பனை ஆலைப் பக்கம் என்றால் நார்த்தூசியும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து பேரிங்கை இறுக்கிவிடும். தகரக் கூரைக்குக் கீழே விசிறி நின்றுபோனால் அடுத்து அடி வாங்குவது, மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர். எலெக்ட்ரோலிட்டிக் வகையின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகிறது.

பேரிங் இல்லாமலே காற்றை வீச ஒரு வழி உண்டு. ஒரு சிறு அறை, அதன் ஒரு பக்கம் அதிரும் சவ்வு, எதிர்ப்பக்கம் ஒரே ஒரு துளை. சவ்வு உள்ளே அழுந்தும்போது துளை வழியே காற்று வெளியேறும். பின்வாங்கும்போது அதே துளை வழியே அதே அளவு காற்று உள்ளே வரும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஆனாலும் துளைக்கு எதிரே கை வைத்தால் தொடர்ந்து காற்று அடிக்கும்.

காரணம், ஊதுவதும் உறிஞ்சுவதும் சமமல்ல. ஊதாங்குழலில் ஊதினால் ஒரு முழத்துக்கு அப்பால் உள்ள தணல் கனலும். அங்கிருந்தே உறிஞ்சினால் சாம்பல்கூட அசையாது. வெளியேறும் காற்று துளை விளிம்பில் சுருண்டு, சுழல் வளையமாகி நேரே போய்விடுகிறது. உள்ளே வருவதோ துளையைச் சுற்றி எல்லாத் திசையிலிருந்தும் வரும் வேறு காற்று. 1990களில் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் ஆரி கிளேசர் குழு இதை விரிவாக ஆராய்ந்தது.

வளையம் தப்பித்துப் போக ஒரு நிபந்தனை உண்டு. ஒரு தள்ளலில் வெளியேறும் காற்றை, துளை அளவு தடிமனுள்ள ஓர் உருளையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம், துளை விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வளையம் பிரிவதற்குள் உறிஞ்சல் அதைத் திரும்ப இழுத்துவிடும்.

அதிரும் சவ்வுக்கு 40 மில்லிமீட்டர் ஒலிபெருக்கி ஒன்றை எடுப்போம். அதிரும் பரப்பு சுமார் 8 சதுர சென்டிமீட்டர், அசைவு மேலும் கீழுமாக மொத்தம் அரை மில்லிமீட்டர். ஒரு தள்ளலுக்கு 0.4 கன சென்டிமீட்டர் காற்று. துளை 4 மில்லிமீட்டர் என்றால் உருளையின் நீளம் 32 மில்லிமீட்டர், விட்டத்தைப்போல் எட்டு மடங்கு. அருமை. 'பெரிய ஓட்டை, நிறையக் காற்று' என்று 12 மில்லிமீட்டர் போட்டால் நீளம் 3.5 மில்லிமீட்டர்தான். சத்தம் வரும், காற்று வராது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் பிளாஸ்டிக் கூம்புள்ள ஒலிபெருக்கியாக வாங்குங்கள். நம் ஈரப்பதத்தில் காகிதக் கூம்பு தொய்ந்துவிடும். முன்பக்கம் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நடுவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டி, சுற்றிலும் சிலிகோன் பூசுங்கள். ஓரத்தில் சின்னக் கசிவு இருந்தாலும் காற்று அங்கேயே போய்விடும். பின்பக்கத்தை மூடக்கூடாது; சவ்வு அசையத் திணறும். சின்ன ஆம்ப்ளிஃபையர் வழியே 100 ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுங்கள். நேர்மின்சாரம் (DC) கலந்தால் ஒலிபெருக்கியின் கம்பிச்சுருள் சூடாகிக் கருகும். ஹீட் சிங்கை, அதாவது சில்லின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டை, துளையிலிருந்து 20 முதல் 40 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் சூடான காற்றையே திரும்ப உறிஞ்சும். அதிர்வெண்ணை ஏற்றினால் காதுக்கு எரிச்சல். 100 ஹெர்ட்ஸில் வெறும் முனகல்தான்.

பலன் என்ன? 3 வாட் சில்லு, 40 சதுர சென்டிமீட்டர் ஹீட் சிங்க். அசையாத காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 10 வாட் போகிறது என்று வைத்தால், ஹீட் சிங்க் சுற்றுக்காற்றைவிட 75 டிகிரி கூடுதலாகச் சுடும். துளையிலிருந்து பாயும் காற்றுத் தாரை அதை 30 வாட்டாக்கினால் 25 டிகிரிதான்.

'சுற்றுக்காற்று' என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். 3 வாட்டை 10 டிகிரி ஏற்றத்தில் சுமந்துபோக நொடிக்கு கால் லிட்டர் காற்று வேண்டும். நம் துளை தள்ளுவது 0.04 லிட்டர். மீதியைத் தாரை பக்கங்களிலிருந்து இழுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதனால் துளைக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பக்கச்சுவர் ஆகாது. பெட்டியையே மூடிவிட்டால் அதே காற்று சுற்றிச் சுற்றிச் சூடாகும். புரோர் சிஸ்டம்ஸ் நிறுவனம் 2022இல் அறிவித்த, 2.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏர்ஜெட் என்ற விசிறியில்லாக் குளிரூட்டி இதில் வேறு ஜாதி: மேலே காற்றை இழுத்துப் பக்கவாட்டில் வெளியே விடுகிறது.

நம் பெட்டிக்கு, கீழ்ப்பக்கம் ஒரு வழியும் மேல்பக்கம் ஒரு வழியும் வெட்டுங்கள். எறும்புக்கும் பல்லிக்கும் பயந்து வலை போடுவதானால் அந்த வழிகளில் போடுங்கள். துளையின் மேல் போட்டால் சுழல் வளையம் வலையிலேயே சிதறிவிடும்.