எலக்ட்ரானிக் சோக்குக்கு முதலில் பணம் போட்டது யார்?

எனர்ஜி ஆடிட் வேலைக்கு, அதாவது கரன்ட் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்கிற வேலைக்கு, வந்த புதிதில் கோவைப் பக்கத்து நூற்பாலைகளில்தான் அதிகம் சுற்றினேன். டியூப்லைட் பட்டியைத் திறந்து, டியூப்புக்குப் போகிற கரன்ட்டைக் கட்டுப்படுத்துகிற பழைய காப்பர் சோக்கைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூடு மொத்தமும் மில்லுக்காரர் கரன்ட் பில்லில் கட்டுகிற காசு. 40 வாட் டியூப்புக்கு சோக் மட்டும் தனியாக 12 முதல் 15 வாட் தின்னும். அதைக் கழற்றி எலக்ட்ரானிக் சோக் போட்டால் இந்த இழப்பு இரண்டு மூன்று வாட்டுக்கு இறங்கிவிடும், அதோடு 20 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுவதால் அதே கரன்ட்டில் டியூப் சுமார் 10 சதவீதம் கூடுதல் வெளிச்சம் தரும். வெளிச்சத்தின் துடிப்பும் போய்விடும். காப்பர் சோக் வெளிச்சத்தில் சுற்றுகிற ஸ்பிண்டில் சில சமயம் நிற்பது போலத் தெரியும், அது எவ்வளவு ஆபத்து என்று மில் ஃபிட்டர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்த எலக்ட்ரானிக் சோக்கை ஏதோ பெரிய கம்பெனி கண்டுபிடித்திருக்கும் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அணு விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மியின் மாணவரான ஆர்தர் ரோசன்ஃபெல்ட் துகள் இயற்பியலை விட்டுவிட்டு மின்சாரச் சிக்கனத்துக்கு வந்தார். அவர் இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம்தான் அமெரிக்க அரசுப் பணத்தில் இந்த சோக் வேலையை நடத்தியது. காப்பர் சோக் நன்றாக விற்றுக்கொண்டிருந்த பெரிய தயாரிப்பாளர்கள் ஆர்வம் காட்டாததால் சின்ன கம்பெனிகளுக்குக் காசு கொடுத்து மாதிரி செய்ய வைத்தார்கள். அப்புறம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் மாட்டி ஓட்டி அளந்து பார்த்தார்கள். அந்த அளவு கையில் வந்த பிறகுதான் சந்தை நகர்ந்தது.

2001-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் இந்தக் கணக்கை உட்கார்ந்து பார்த்தது. 22 வருடங்களில் மின்சார, எரிபொருள் சிக்கன ஆராய்ச்சிக்கு அரசு போட்டது சுமார் 700 கோடி டாலர், திரும்பி வந்த பலன் சுமார் 3,000 கோடி டாலர். அதில் முக்கால் பங்கு மூன்றே சின்ன வேலைகளால் வந்தது: இந்த சோக், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், வெப்பத்தைத் தடுக்கிற ஜன்னல் கண்ணாடி. எந்த மூன்று ஜெயிக்கும் என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது, பல வேலைகளுக்குப் பணம் போட்டதால்தான் இந்த மூன்றும் கிடைத்தன. இதைத் தனியார் செய்வது கஷ்டம், ஏனென்றால் சோக் செய்கிறவர் ஒருவர், கரன்ட் பில் கட்டுகிறவர் வேறொருவர். மிச்சமாகிற காசு செய்தவர் கைக்கு வராது.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2002-இல் எரிசக்தித் திறன் வாரியம் வந்தது, 2006-இல் ஸ்டார் லேபிள் வந்தது. உஜாலா திட்டத்தில் மொத்தமாக வாங்கியதால் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த எல்இடி பல்பு இரண்டே வருடத்தில் 38 ரூபாய்க்கு இறங்கியது. நல்ல வேலை. ஆனால் இதெல்லாம் பொருள் தயாரான பிறகு நடக்கிற வேலை. மொத்த ஆராய்ச்சிக்கே 2020-21-இல் இந்தியா செலவிட்டது ஜிடிபியில் 0.64 சதவீதம்தான், அதில் ஒரு சின்னப் பங்குதான் மின்சிக்கனத்துக்கு வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் ஓட்டல்களுக்கான வெட் கிரைண்டருக்கு நிரந்தரக் காந்த மோட்டார் ஒன்று செய்து வைத்திருக்கிறார். என் மீட்டரிலேயே பழைய மோட்டாரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஈரமும் உளுந்து மாவும் படுகிற இடத்தில் இது ஒரு வருடம் தாங்குமா என்று பார்க்க அவருக்கு ஐம்பது கிரைண்டர்களாவது வெளியே ஓட வேண்டும். பேங்கில் ஆர்டர் காட்டு என்கிறார்கள். வாங்குகிறவர் ஒரு வருடம் ஓடின ரிப்போர்ட்டைக் காட்டுங்கள் என்கிறார். அரசுப் பணம் வந்து நிற்க வேண்டிய இடம் இதுதான். சிறுதொழில் சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் வாங்குவதற்கான மானியத்தோடு சேர்த்து, இப்படி வெளியே ஓட்டிப் பார்ப்பதற்கான நிதியையும் எழுத்தில் கேளுங்கள்.

இப்போதைக்கு இரண்டு மோட்டார்கள் இரண்டு மெஸ்களில் ஓடுகின்றன. மாதம் ஒரு முறை காலை நான்கு மணிக்கு, மாவு ஆட்டும் நேரத்தில், நான் போய் ரீடிங் எடுத்து வருகிறேன்.