வாக்குச்சீட்டு எப்படியோ, பிரச்சாரமும் அப்படியே

ஜப்பானில் கீழவைத் தேர்தல் வந்துவிட்டால் தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டிய வேன்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். உள்ளே வெள்ளைக் கையுறை போட்டவர்கள் ஜன்னல் வழியாகக் கையசைத்தபடி வேட்பாளரின் பெயரைச் சொல்வார்கள், மறுபடியும் அதே பெயரைச் சொல்வார்கள், காலை 8 மணிக்குத் தொடங்கினால் இரவு 8 வரை இதேதான். கொள்கையோ வாக்குறுதியோ எதிராளி மேல் குற்றச்சாட்டோ அதில் கிடையாது. ஜப்பானிய அரசியல்வாதிகளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையா என்று வெளியாட்களுக்குத் தோன்றும். ஆனால் விஷயம் சட்டத்தில் இருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து உரையாற்றக் கூடாது, பெயரை மட்டும் கூவலாம், பேச வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்பதற்கு 1925-லிருந்தே தடை. மொத்தப் பிரச்சாரத்துக்கும் கிடைப்பது 12 நாள்.

இதையெல்லாம் விட முக்கியமானது வாக்குச்சீட்டு. அதில் பெயர்கள் அச்சடிக்கப்பட்டிருக்காது. வாக்காளர் பென்சிலை எடுத்து, தனக்குப் பிடித்த வேட்பாளரின் பெயரைத் தன் கைப்பட எழுத வேண்டும். யார் என்று புரியாதபடி பெயரைத் தப்பாக எழுதினால், அந்த ஓட்டு போனதுதான். அதனால்தான் காது புளிக்கப் புளிக்க அந்தப் பெயர். சித்திர எழுத்தில் எழுதக் கடினமான பெயருள்ள வேட்பாளர்கள் பலர் சுவரொட்டியில் அதை எளிய ஹிரகானா எழுத்தில் போட்டுக்கொள்வதும் இதற்காகத்தான். 1994-இல் தேர்தல் முறையைத் திருத்தியபோது, அச்சடித்த பெயருக்கு எதிரே குறியிடும் சீட்டு வரும் என்று முடிவு செய்தார்கள். ஒரு பொதுத்தேர்தலில்கூடப் பயன்படுத்திப் பார்க்காமலேயே 1995-இல் அதை ரத்து செய்து பழையபடி எழுதும் சீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

இந்தியாவில் கதை வேறு. 1951-52-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் சின்னம் வந்தது. பிரச்சாரம் முழுக்கச் சின்னத்தைச் சுற்றியே வளர்ந்தது, கட்சி உடைந்தால் இரண்டு தரப்பும் முதலில் சண்டை போடுவது சின்னத்துக்காகத்தான்.

பல நாட்டு அரசியல்வாதிகளை ஒப்பிடும்போது நாம் ஆட்களைத்தான் பார்க்கிறோம். இவர் பண்பானவர், அவர் வாய்த்துடுக்கு, அந்த நாட்டு மக்களே அப்படித்தான் என்று குணத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது விதிகளை. எத்தனை ஓட்டு வாங்கினால் ஜெயிக்கலாம், அது யாருடைய ஓட்டு, அதை எப்படி எண்ணுகிறார்கள் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், வேட்பாளர் எப்படி நடந்துகொள்வார் என்பதில் பெரும்பகுதியை ஆளைப் பார்க்காமலே ஊகித்துவிடலாம்.

அமெரிக்க அதிபர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகப் பிரித்த தேர்வாளர் வாக்குகள், மொத்தம் 538, அதில் 270 கிடைத்தால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முதலில் வருபவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை வாக்குகளும் போய்விடும். 2020-இல் கலிஃபோர்னியாவில் டிரம்புக்கு 60 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், அதில் ஒரு தேர்வாளர் வாக்குகூடத் தேறவில்லை. ஆகவே யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே தெரிந்த மாநிலங்களில் பிரச்சாரம் செய்து பயனில்லை, எந்தப் பக்கமும் சாயக்கூடிய சில மாநிலங்களில்தான் பணமும் நேரமும் கொட்டப்படுகின்றன. 2024-இல் அப்படி ஏழு மாநிலங்கள். அவற்றில் பெரியது பென்சில்வேனியா, நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் ஃப்ராக்கிங் தொழில் அங்கே பெரிது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கமலா ஹாரிஸ் 2019-இல் ஃப்ராக்கிங்கைத் தடை செய்ய வேண்டும் என்றார், 2024-இல் தடை செய்ய மாட்டேன் என்றார். அதே மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட யுஎஸ் ஸ்டீல் நிறுவனத்தை ஜப்பானிய நிறுவனம் வாங்க முயன்றபோது, எதிலும் ஒத்துப்போகாத பைடனும் டிரம்பும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். இரண்டு பேருக்கும் அந்த ஒரு மாநிலம் வேண்டியிருந்தது.

சரி, இதற்கு நேரெதிரான ஓர் இடத்துக்குப் போவோம். அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் சீட்டில் 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையை எழுதுவார். ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் ஒருவர் வாங்கினால் அந்த உபரி ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும், கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டால் அவருடைய சீட்டுகளும் அப்படியே கை மாறும். இதன் விளைவை வீட்டு வாசலில் பார்க்கலாம். வேட்பாளர் கதவைத் தட்டுகிறார், "என் ஓட்டு அவருக்குத்தான்" என்று வீட்டுக்காரர் எதிராளியின் பெயரைச் சொல்கிறார். வேறு நாடாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. இங்கே வேட்பாளர், "நல்லது, அப்படியானால் இரண்டாவதை எனக்குப் போடுங்கள்" என்கிறார். அந்த வீட்டுக்காரரின் தலைவரைத் திட்டிவிட்டு இரண்டாம் விருப்பத்தைக் கேட்க முடியாது என்பதால் நாக்கு தானாகவே அடங்குகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தும்போது கொள்கையில் வித்தியாசம் காட்ட வழியில்லை, சொந்தக் கட்சிக்காரரே போட்டியாளர் ஆகிவிடுகிறார். அப்புறம் என்ன, யார் சாலைப் பள்ளத்தை மூட வைத்தது, யார் ஓய்வூதியத்தை வாங்கிக் கொடுத்தது என்பதில்தான் போட்டி. அமைச்சரானாலும் தொகுதி மக்களின் குறைகளைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மக்களுக்கு அது நல்லதுதான், ஆனால் சட்டம் இயற்றும் வேலைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்ற கவலை எனக்கு உண்டு.

ஆஸ்திரேலியாவில் 1924-இல் வாக்களிப்பது கட்டாயமானது. 1922 தேர்தலில் 60 சதவீதத்தைத் தொடாத வாக்குப்பதிவு 1925-இல் 91 சதவீதத்தைத் தாண்டியது. ஓட்டுப் போடத் தவறினால் இப்போது கட்ட வேண்டிய அபராதம் 20 டாலர்தான், இருந்தாலும் வேலை செய்கிறது. தன் ஆதரவாளர்களைச் சூடேற்றிச் சாவடிக்கு இழுத்துவரும் வேலையைச் சட்டமே பார்த்துக்கொள்கிறது, கட்சிகள் நடுவில் நிற்பவரைப் பேசி வளைக்கப் போகலாம்.

இதற்கெல்லாம் காரணம் விதிதானா, அந்தந்த நாட்டுப் பண்பாடு இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைச் சோதிக்க நல்ல வழி, நாட்டை மாற்றாமல் விதியை மட்டும் மாற்றிப் பார்ப்பது. பப்புவா நியூ கினியில் அது தானாகவே நடந்தது. 800-க்கும் மேற்பட்ட மொழிகள், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் பல குலங்கள் உள்ள நாடு. விடுதலைக்கு முன் 1964, 1968, 1972 தேர்தல்களில் விருப்ப வரிசை முறை இருந்தது. 1975-இல் விடுதலை கிடைத்த பின், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி என்ற முறைக்கு மாறினார்கள். உடனே கணக்கு மாறிவிட்டது. பத்து இருபது பேர் நிற்கும் தொகுதியில் சொந்தக் குலத்தின் ஓட்டு சிதறாமல் இருந்தால் போதும், அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகவே வேண்டாம். எதிராளியின் குலத்திலேயே ஒரு போலி வேட்பாளரை நிறுத்தி ஓட்டைப் பிரிப்பதும் வழக்கமானது. 2002-இல் ஜெயித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வாங்கியது 20 சதவீதத்துக்கும் குறைவு.

2007 பொதுத்தேர்தலில் விருப்ப வரிசை திரும்பி வந்தது, வாக்காளர் மூன்று பேரைக் குறிக்க வேண்டும். புது முறையில் முதலில் நடந்த இடைத்தேர்தல்களைக் கவனித்தவர்கள், வேட்பாளர்கள் எதிராளியின் ஊருக்கே போய் இரண்டாம், மூன்றாம் விருப்பம் கேட்டதையும், பிரச்சாரம் முன்பைவிட அமைதியாக நடந்ததையும் பதிவு செய்தார்கள். அந்த அமைதி நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 தேர்தலில் ரத்தம் சிந்தியது, விருப்ப ஓட்டுகளையும் காசுக்கு வாங்கக் கற்றுக்கொண்டார்கள்.

பக்கத்து ஃபிஜியில் பாடம் இன்னும் கசப்பானது. பூர்வகுடி ஃபிஜியர்களும் இந்திய வம்சாவளியினரும் ஒருவர் ஓட்டை ஒருவர் தேடிப் போக வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு 1997 அரசியலமைப்பு விருப்ப வரிசையைக் கொண்டுவந்தது. ஆனால் 71 இடங்களில் 46 இனவாரியாகவே ஒதுக்கப்பட்டிருந்தன. கட்சிச் சின்னத்துக்கு ஒரு டிக் போட்டால் மீதி வரிசையைக் கட்சியே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் ஒரு வசதி வைத்தார்கள், பெரும்பாலானோர் அந்தச் சுலபமான வழியையே எடுத்தார்கள். பேரம் தலைவர்களின் அறைக்குள் முடிந்துவிட்டது, வேட்பாளர் அடுத்த இனத்தவரின் வாசலுக்குப் போக வேண்டிய தேவையே எழவில்லை. 1999-இல் இந்திய வம்சாவளியின் முதல் பிரதமராக வந்த மகேந்திர சௌத்ரியின் ஆட்சி 2000 மே மாதத்தில் ஆயுதக் கும்பலால் கவிழ்க்கப்பட்டது.

2014-இல் ஃபிஜி முழுவதும் ஒரே தொகுதி, 50 இடங்கள் என்று எல்லாமே மாறியது. இந்த முறை சீட்டில் வேட்பாளர் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை, வெறும் எண்கள். கட்டங்களில் வரிசையாக நிற்கும் எண்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும், அப்போதைய பிரதமர் ஃப்ராங்க் பைனிமராமாவின் எண் 279. அவருடைய கட்சி அந்தத் தேர்தலில் மக்களிடம் மனப்பாடம் செய்ய வைத்தது அந்த எண்ணைத்தான்.