அட்டை கடித்தால் ரத்தம் ஏன் நிற்பதில்லை?

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வரப்பு வரப்பாக நாள் முழுக்க நடந்தாலும் காட்டு அட்டை ஒன்றுகூடக் காலில் ஏறாது. அங்கிருந்து மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டி, வனத்துறை அனுமதியோடு மலையேறி, மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிக் காட்டுக்குள் மழைக்காலத்தில் நாலடி வைத்தால் போதும், ஷூவின் மேல் நெளிய ஆரம்பித்துவிடும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமான இந்த மலைக்கு வருகிறவர்கள் புலியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே ஏறுவார்கள். இறங்கும்போது பேச்சு முழுக்க அட்டையாகத்தான் இருக்கும்.

மேலே இருப்பது கீழே இல்லாததற்குக் காரணம் ஈரம். அட்டைக்கு நுரையீரலும் கிடையாது, செவுளும் கிடையாது. தோல் வழியாகத்தான் மூச்சு. தோல் காய்ந்தால் கதை முடிந்தது. சமவெளித் திருநெல்வேலி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. காக்காச்சியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. தென்மேற்கும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும். நாலுமுக்கு, ஊத்து என்று மழைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் எல்லாம் இந்த மலைமேல்தான். ‘அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் செத்தையைத்தான் தேடும்’ என்று ஆளைத் திட்டுவோம். பாவம், மெத்தையில் கிடந்தால் அது காய்ந்தே செத்துப்போகும். மட்கிய இலைகளுக்கு அடியில்தான் அதற்கு வேண்டிய ஈரம் இருக்கிறது.

சரி, நாம் வந்தது அதற்கு எப்படித் தெரிகிறது? முதலில் நிலத்தின் அதிர்வு. அடுத்து மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடும் உடம்புச் சூடும். தலைப்பக்கம் ஐந்து ஜோடி கண்கள் உண்டு. உருவம் தெரியாது, நிழல் அசைவது தெரியும். பாதையோரம் ஒன்றைப் பார்த்தால் குனிந்து மெல்ல ஊதிப் பாருங்கள். அதுவரை இலை நுனியில் குச்சிபோல் கிடந்தது, பின்பக்க உறிஞ்சியால் இலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். உடம்பை நூலாக இழுத்து நீட்டி, காற்றில் நாலாபக்கமும் துழாவும். பிறகு முன் உறிஞ்சியை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துச் சேர்த்து, மறுபடி முன்னால் நீண்டு, நம்மைப் பார்த்தே நடந்து வரும். வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவரைவிடப் பின்னால் வருகிறவர்களை அதிகம் பிடிப்பதும் இதனால்தான். முன்னவரின் காலடி அவற்றை எழுப்பிவிட்டுப் போய்விடுகிறது.

கடித்தது பெரும்பாலும் தெரியாது. சாக்ஸ் சிவந்த பிறகுதான் தெரியும். வாயில் மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியான பற்கள். சாதாரணமாக இவ்வளவு சின்னக் கீறலில் ரத்தம் சீக்கிரமே உறைந்துவிடும். ரத்தத்திலுள்ள த்ராம்பின் என்ற நொதி, கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்றும். அந்த இழைகள் வலைபோல் பின்னிக் காயத்தை அடைக்கும். அட்டையின் எச்சில் கை வைப்பது இந்த இடத்தில்தான். 1884-ல் ஜான் ஹேகிராஃப்ட் என்பவர் மருத்துவ அட்டையில் ரத்தம் உறையவிடாத பொருள் ஒன்று இருப்பதைக் காட்டினார். பின்னாளில் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. அது த்ராம்பினை இறுகப் பிடித்து வேலை செய்யவிடாமல் நிறுத்திவிடுகிறது. காட்டு அட்டையின் எச்சிலிலும் இதே வேலையைச் செய்யும் புரதங்கள் உண்டு. வயிறு நிறைந்து அட்டை தானாக உதிர்ந்த பிறகும் எச்சில் காயத்தில் தங்கிவிடுவதால்தான் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, போகும் ரத்தம் கொஞ்சம்தான்.

ஹிருடினைப் பார்த்து வடிவமைத்த பைவாலிருடின் என்ற மருந்தை இன்று இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியின்போது பயன்படுத்துகிறார்கள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடலும் ஒன்று. ஆனால் அதற்கு எடுப்பது நீரில் வாழும் அட்டை. காட்டில் ஒட்டியதை மருத்துவம் என்று நினைத்து விட்டுவைக்க வேண்டாம்.

ஒட்டியிருந்தால் உப்பு போடுவார்கள், சிலர் தீக்குச்சியால் சுடுவார்கள். இரண்டிலும் அட்டை விழுந்துவிடும், ஆனால் விழும் முன் வயிற்றில் உள்ளதைக் காயத்திலேயே கக்கிவிடவும் கூடும். விரல் நகத்தைத் தோலோடு தோலாக வைத்து, மெல்லிய முனையை முதலில் நெம்பி, அடுத்து தடித்த முனையைத் தள்ளிவிடுவதே என் வழி. பிய்த்து இழுக்கக் கூடாது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். சொறிந்தால்தான் புண்ணாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

ஒருமுறை குடித்தால் மாதக்கணக்கில் அட்டைக்குச் சாப்பாடு வேண்டாம். குடித்த ரத்தத்தில் இருக்கும் டிஎன்ஏவும் நாள்பட அப்படியே கிடக்கிறது. 2012-ல் வியட்நாம் காடுகளில் பிடித்த அட்டைகளின் வயிற்றிலிருந்து, அங்கே கண்ணில் படுவதே அரிதான ஒரு முயலின் டிஎன்ஏவை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். அட்டையால் தானாக வெகுதூரம் போக முடியாது. அதனால் மிளா (கடமான்), காட்டுமாடு என எதன் ரத்தம் உள்ளே இருந்தாலும் அந்த விலங்கு பக்கத்தில் எங்கோதான் நடமாடியிருக்கும். ஆனால் எத்தனை மிளா என்று அட்டை சொல்லாது. மரத்திலேயே இருக்கும் சிங்கவால் குரங்கின் ரத்தம் தரை அட்டையில் சிக்குவதும் அபூர்வம். எண்ணிக்கைக்கு கேமராவும் வேண்டும், காட்டுக்குள் நடக்கும் ஆளும் வேண்டும்.