பொமேட்டைக் கழுவ முதலில் ஏன் எண்ணெய் பூச வேண்டும்?

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பாடசாலை விழாவுக்காக மகன் பொமேட் என்ற தலைப்பசையைத் தேய்த்துத் தலையைப் படிய வாரிக்கொண்டு போயிருக்கிறான். இரவு கிணற்றடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாராம், மறுநாளும் தேய்த்தாராம். போகவில்லை, முன்பைவிடப் பிசுபிசுக்கிறது. என்ன செய்வது?

சவர்க்காரத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுங்கள். எண்ணெய்ப் பசையைப் போக்க இன்னும் எண்ணெயா என்று தோன்றும். காரணம் தெரிந்தால் அது சரிதான் என்று விளங்கும்.

நீரில் கரையும் பொமேட்டுகளும் உண்டு, அவற்றால் தொல்லை இல்லை. இந்தப் பையன் பூசியது மற்ற வகையாகத்தான் இருக்கும்: பெற்றோலியம் ஜெலி, தேன்மெழுகு, சிலவற்றில் ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கும் லனோலின். பெற்றோலியம் ஜெலி என்பது 1872 இல் செஸ்புரோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற அதே வாசலின்தான். முழுக்க நீண்ட ஐதரோகாபன் சங்கிலிகள், தண்ணீர் பற்றிக்கொள்ள அதில் ஒரு பிடியும் இல்லை. மயிரின் மேற்பரப்போ பனையோலை வேய்ந்த கூரை மாதிரி, செதில் மேல் செதிலாக அடுக்கப்பட்டது. அதன் மேல் இயற்கையாகவே மெல்லிய கொழுப்புப் படை ஒன்றும் உண்டு. அதனால் பசை அங்கே சுகமாக ஒட்டிக்கொள்கிறது, செதில் இடுக்குகளுக்குள்ளும் போய்விடுகிறது.

அப்புறம் நம்முடைய கிணற்று நீர். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டே கீழே இறங்குவதால் தண்ணீரில் கல்சியம் நிறைய. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தாலே தெரியும். இந்தக் கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்தால் நீரில் கரையாத ஒரு பொருள் உண்டாகி மயிரில் படிகிறது. ஆக, அந்தத் தாய் தேய்க்கத் தேய்க்கப் பசையின் மேல் இன்னொரு பசை ஏறியிருக்கிறது. ஷாம்பூவில் உள்ள லோரெத் சல்பேற்று போன்ற கழுவுபொருள்கள் கல்சியம் மிகுந்த இத்தகைய வன்னீரில் இப்படித் திரிவதில்லை.

ஷாம்பூ மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், நீண்ட வால் எண்ணெயை நாடும், பல மூலக்கூறுகள் கூடி எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து நீரோடு கொண்டுபோகும். இதைச் சாதாரண தரத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் மயிரில் படலமாகப் பரவிக் கிடக்கும் எண்ணெய் முதலில் எப்படித் துளியாகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1937 இல் ஆடம் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் கம்பளி இழைகளை வைத்து இதை விளக்கினார். எண்ணெய் பூசிய இழையைக் கழுவுபொருள் கலந்த நீரில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், படலத்தின் ஓரம் மெல்லப் பின்வாங்கும். படலம் அங்கங்கே திரளும். திரண்டது உருண்டு மணியாகி இழையின் மேல் உட்காரும். மணியின் அடி ஒடுங்கிக்கொண்டே வரும். பிறகு நீர் சற்று அசைந்தாலே கழன்று மிதந்துவிடும்.

படலத்தின் ஓரத்தில் மூன்று எல்லைகள் சந்திக்கின்றன: மயிரும் எண்ணெயும், எண்ணெயும் நீரும், மயிரும் நீரும். பின் இரண்டும் நீர் தொடும் எல்லைகள் என்பதால் ஷாம்பூ மூலக்கூறுகள் அங்கே போய் உட்கார்ந்து இழுவிசையைக் குறைக்கின்றன. எண்ணெய்க்கு அடியில் உள்ள எல்லைக்குள் அவற்றால் நுழைய முடியாது. அதுவரை சமமாக இருந்த இழுபறி குலைகிறது. நீர் மயிரின் மேல் முன்னேற, எண்ணெய் தன் இடத்தை விட்டு விலகுகிறது. நீர் எண்ணெயை மேலிருந்து பிடுங்குவதில்லை, அதன் கால் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆனால் உருள வேண்டுமானால் ஓட வேண்டும், இறுகிக் கிடக்கும் பசை ஓடாது. தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் தலையில் தண்ணீர் ஊற்ற முடியாது. சூட்டால் இளக்க முடியாததைக் கரைத்து இளக்கலாம். அதற்குத்தான் தேங்காயெண்ணெய். மெழுகும் ஜெலியும் அதோடு கலந்து நம் ஊர் வெப்பநிலையிலேயே ஓடும் திரவமாகிவிடும். மார்கழிக் காலையில் எண்ணெய் உறைந்திருந்தால் வெயிலில் வைத்து எடுங்கள்.

காய்ந்த தலையில் எண்ணெயை நன்றாகப் பிசைந்து, கால் மணி நேரம் விட்டு, பழைய துணியால் வழித்துத் துடையுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றாமலே ஷாம்பூவைப் போட்டுத் தேயுங்கள். நீர்த்துப்போகாத ஷாம்பூ நேரே எண்ணெயைச் சந்திக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இளஞ்சூட்டு நீர். முதல் முறை நுரை வராது. நுரைக் குமிழின் சுவரைத் தாங்கும் மூலக்கூறுகள் எண்ணெயிடம் போய்விடும், எண்ணெய்த் துளிகளும் குமிழ்களை உடைக்கும். நுரை இல்லை என்று போத்தலைக் கவிழ்க்காதீர்கள். அலசிவிட்டு இரண்டாம் முறை போடும்போது நுரை எழும்பினால் பசை பெரும்பாலும் போய்விட்டது என்று பொருள். சீப்பையும் தலையணை உறையையும் கழுவாவிட்டால் அது திரும்பத் தலைக்கே வரும்.

ஏற்கெனவே படிந்த சவர்க்காரப் படைக்குத் தேசிக்காய்ச் சாறு கலந்த நீரால் அலசுவது நல்லது. அமிலம் அந்தக் கல்சியப் பொருளைப் பிரித்துவிடும். கண்ணில் படாமல் பாருங்கள். மண்ணெண்ணெய் பூசச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவும் பசையைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் தோலைப் புண்ணாக்கும், அடுப்படிக்குப் போனால் தீப்பிடிக்கும். பிள்ளைகளின் தலையில் அதை வைக்கவே கூடாது. செவ்வாய் வெள்ளி பார்த்து முழுகுவதும் பசைக்குத் தெரியாது. பூசிய அன்றே கழுவுங்கள்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் இங்கே பலர் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தார்கள். அந்தக் களியில் பிளாபெலிபெரின் என்ற சப்போனின்கள், அதாவது தாவரங்களில் உள்ள நுரைக்கும் பொருள்கள், உண்டு, சீயாக்காயை நுரைக்க வைப்பதும் இந்தக் குடும்பம்தான். ஒவ்வோர் ஆண்டும் ஆவணி புரட்டாதியில் பழங்கள் விழுந்து வளவுகளில் கிடந்து அழுகுகின்றன. நம் வன்னீரில் அந்தக் களி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது, கறையும் மணமும் இல்லாமல் சப்போனினை மட்டும் மலிவாகப் பிரித்தெடுக்கலாமா என்று முறையாகப் பார்க்க யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடமும் உண்டு, மாணவர்களும் உண்டு. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்திக் கேட்பேன்.