மருந்துக்கு முன்னால் மணலைப் பாருங்கள்

"டாக்டர், கெளுத்திக்கு வால் கரையுது, என்ன மருந்து ஊத்தலாம்?" அடிக்கடி வரும் கேள்வி இது. மீன் தொட்டியின் தரையை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். "அதுக்குத்தானே கெளுத்தியே விட்டிருக்கோம்!" என்பார்கள்.

சிக்கலே அங்கேதான். கெளுத்தி, கீழே விழுந்த தீனியைப் பொறுக்கித் தின்னும். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தன் பங்குக்கு அதுவும் கழிவு போடும். கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் (அதுவும் கெளுத்திதான்) போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அண்மையில் ஒரு வீட்டில் 4 கோரிடோரஸ் மீன்களைப் பார்த்தேன், சின்னக் கெளுத்தி வகை அது. வால் ஓரமெல்லாம் செல்லரித்த காகிதம் மாதிரி, விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு. மீசை பாதிதான் மிச்சம். தண்ணீரோ பளிங்கு. அடி அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயைக் கூழாங்கற்களுக்குள் இறக்கினேன். வாளியில் கறுப்பு டீ போல வந்து விழுந்தது. கண்ணுக்குத் தெளிவான தண்ணீரை நம்பவே கூடாது.

துடுப்பை அரிப்பது பெரும்பாலும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்கள். இவை எல்லாத் தொட்டியிலும் இருப்பவைதான். மீனின் உடல்மேல் உள்ள வழவழப்புப் படலம் நன்றாக இருக்கும்வரை உள்ளே புக முடியாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறினால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். கோரிடோரஸ் நாளெல்லாம் வயிறு தரையில் பட உட்கார்ந்திருப்பதால் அழுக்கின் முதல் அடி அதற்குத்தான். கூரான கல்லைக் குறை சொல்வார்கள். கல் கீறலாம், ஆனால் கீறலை ஆறவிடாமல் செய்வது அடியில் தேங்கிய அழுக்கு. முடிந்தால் மென்மையான மணலுக்கு மாறிவிடுங்கள்.

எல்லாக் கிழிசலும் இந்தத் துடுப்பு அழுகல் அல்ல. திடீரென்று ஒரு பக்கம் மட்டும், விளிம்பு சுத்தமாகக் கிழிந்திருந்தால் பக்கத்து மீன் கடித்திருக்கும், அல்லது வலையில் மாட்டியிருக்கும். கோரிடோரஸின் மார்புத் துடுப்பில் ஒரு முள் உண்டு. பயந்தால் அதை விரித்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் இழுக்காதீர்கள், வலையை வெட்டுங்கள். அடுத்த முறை ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் பிடியுங்கள். அழுகல் என்றால் விளிம்பு வெளுத்தோ சிவந்தோ இருக்கும், நாளுக்கு நாள் உள்நோக்கி நகரும். உடம்பிலும் சாம்பல் வெள்ளைத் திட்டு படர்ந்தால் அது காலம்னாரிஸ் என்ற வேறொரு பாக்டீரியா நோயாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹீட்டரைக் கூட்டிவிடாதீர்கள், சூட்டில் அது இன்னும் வேகமாகப் பரவும்.

சாதாரண அழுகல்தான் என்றால் முதல் வேலை, டெஸ்ட் கிட் வைத்துத் தண்ணீரைச் சோதிப்பது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்ட வேண்டும். 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாகவும் தொட்டியின் அதே சூட்டிலும் இருக்கட்டும். அளவுகள் இறங்கும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதைச் செய்யலாம். அப்புறம், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். கழிவை உடைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குளோரினில் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும்.

சரி, மருந்து? உப்பு, செம்பு கலந்த மருந்து, மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாய மருந்து எதையும் மற்ற மீன்களுக்குப் போடும் அளவில் கெளுத்திக்குப் போடக் கூடாது, தாங்காது. "ஒரு மூடி சேர்த்தே ஊத்திட்டேன்" என்று வருபவர்களின் மீனைக் காப்பாற்றுவது அழுகலைக் குணப்படுத்துவதைவிடக் கஷ்டம். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

துடுப்பின் அடிப்பகுதி தப்பியிருந்தால் மீண்டும் வளரும். அந்த 4 கோரிடோரஸ்களுக்கு நான் மருந்தே தரவில்லை, தரையை மட்டும் சுத்தமாக வைக்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் ஒரு படம் அனுப்பினார்கள். வால் விளிம்பில் கண்ணாடித்தாள் போல நிறமில்லாத ஓர் ஓரம். "பூஞ்சை வந்துடுச்சா டாக்டர்?" என்று கீழே பதற்றத்தோடு ஒரு வரி.

இல்லை, அது புது வால்.